நகத்துக்கு வந்த ஜிம்மி

நான் வேலை செய்த மிருக வைத்திய கிளினிக்கில், கட்டுப் போடும் மேசைக்கு மேலே பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நாயின் காலுக்கு எப்படிக் கட்டுப் போடுவது என்று பத்து வரிகள். முதல் வரி இது: "காலில் கட்டியிருப்பது எதுவானாலும், யார் கட்டியதானாலும், முதலில் கழற்று." இரண்டாயிரத்து ஒன்பதில் நான் ஓய்வு பெற்ற அன்று, புதிதாக வந்திருந்த நேர்ஸ் ஒருத்தி அதைக் காட்டி, "யார் கட்டியதானாலும் என்று ஏன் போட்டிருக்கிறது? எங்கள் புத்தகத்தில் அப்படி இல்லையே" என்று கேட்டாள். எல்லோரும் கேக்கைச் சுற்றி நின்ற நேரம். அது பழைய கதை என்று சொல்லித் தப்பிவிட்டேன். அந்த வரி என்னால் வந்தது. கேக் வெட்டுகிறபோது சொல்லக்கூடிய கதை இல்லை அது.

இப்போது வீட்டில் இருக்கிறேன். வீட்டில் இருக்கிறேன் என்று பேர்தான், ரெலிபோன் விடுகிறதில்லை. சிட்னியில், வென்ட்வேர்த்வில் கடைகளில் எனக்கு "நாய் அன்ரி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். போன சனிக்கிழமை கெல்லிவில்லில் இருந்து ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை ரெலிபோன் எடுத்தாள். புருசனும் பெண்சாதியும் கம்பியூட்டர் வேலை, வீட்டில் ஒரு லாப்ரடோர்.

"ஆன்ட்டி, டெக்ல ஓடும்போது பலகை இடுக்குல மாட்டி நகம் கிழிஞ்சிருச்சு. ஒரே ரத்தம். மஞ்சத்தூள் வெச்சிருக்கேன்."

"ஆர் வைக்கச் சொன்னது?"

"அம்மா சொன்னாங்க. சேலத்துல இருந்து, போன்ல."

சேலத்து அம்மாவோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக நாய்க் கால்களில் இருந்து மஞ்சள்தூள், கோப்பித்தூள், பற்பசை, ஒருமுறை விபூதி எல்லாம் கழுவிக் களைத்தவள் நான். ஆகவே இதை ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். நாயின் நகத்துக்குள் உயிர்ச்சதை இருக்கிறது. அதனால்தான் நகம் முறிந்தால் அவ்வளவு இரத்தமும் அவ்வளவு கத்தலும். சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் என்றால் மணிக்கூட்டைப் பார்த்து ஐந்து நிமிடம். நடுவில் நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்த்தால் திரும்ப முதலில் இருந்து. நிற்காவிட்டால் குசினியில் இருக்கும் சோளமாவைக் கொஞ்சம் அப்பி அழுத்தலாம். நகம் தொங்கினால் இழுக்காதீர்கள். மனிதர் போடுகிற நோவுக் குளிசை எதையும் கொடுக்காதீர்கள்; பனடோல்கூட நாய்க்கு நஞ்சு. தொங்குகிற நகம், நிற்காத இரத்தம், காலைத் தரையில் வைக்காத நாய் — இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எனக்கு ரெலிபோன் எடுக்க வேண்டாம்.

இவ்வளவு கெட்டிக்காரியாகப் பேசுகிற நான் ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவள். நாயைக் கண்டால் றோட்டின் மற்றப் பக்கம் போவேன். எண்பத்தைந்தில் சிட்னிக்கு வந்து, லிட்கம்மில் அந்தக் கிளினிக்குக்குக் கூடு கழுவப் போனேன். ஒருநாள் நேர்ஸ் வரவில்லை, ஒரு பூனையைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். பிறகு இரண்டு வருடம் பின்னேர வகுப்பு, ஒரு சான்றிதழ். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. கையில் இருக்கிற கடித் தழும்புகளில் பாதி அந்தக் காலத்தில் வந்தவை.

பூனையைப் பிடிக்கச் சொன்னவர் மார்கரெட். கிளினிக் அவருடையது. முதல் ஒரு வருடம் நான் அவரை "டொக்டர்" என்றுதான் கூப்பிட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் "மார்கரெட்" என்று திருத்துவார். ஒல்லியான, உயரமான மனுசி. தேநீரை ஊற்றிவிட்டுக் குடிக்க மறந்து, ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடிப்பார். கோபம் வந்தால் சத்தம் ஏறாது, பேச்சு மெதுவாகும். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவர் இடைவெளி விடத் தொடங்கினால், நாங்கள் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்போம்.

நொந்த காலைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது அவருடைய முறை. நாய் வந்ததும் முதலில் நல்ல கால்கள் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்குவார், விரல் விரலாகப் பார்ப்பார். "என் கை என்ன செய்யும் என்று அதற்குத் தெரிய வேண்டும்" என்பார். அவசரமாக வந்தவர்கள், இந்தக் கால் இல்லை டொக்டர், அந்தக் கால் என்று காட்டுவார்கள். அவர் தலையாட்டிக்கொண்டு தன் ஒழுங்கில்தான் போவார். நான்காவது காலுக்கு வருகிறபோது நாய் பாதி அடங்கியிருக்கும்.

அவருடைய இன்னொரு பிடிவாதம், அட்டை. ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு அட்டை. பார்த்தது, செய்தது எல்லாம் பேனையால் எழுத வேண்டும். பிழையாக எழுதினால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதிப் பெயர் போட வேண்டும். பிழையும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பார். ஐந்தாறு வருடம் அவரிடம் வேலை செய்த பிறகு, அட்டையை அவரைவிட ஒழுங்காக எழுதுகிறவள் நான்தான் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு வியாழக்கிழமை, கணேசன் அண்ணையும் ராசமலர் அக்காவும் ஜிம்மியைக் கொண்டுவந்தார்கள். வென்ட்வேர்த்வில்லில் இருந்தவர்கள். வழியில் வேறு கிளினிக்குகள் இருந்தன. தமிழ் கதைக்கிற ஆள் இருக்கிறது என்று தேடி எங்களிடம் வருவார்கள். பிள்ளைகள் இல்லை. ஜிம்மி, கெல்ப்பிச் சாதியும் வேறேதோவும் கலந்த மண்ணிற நாய், அண்ணை தூக்கி வந்து வளர்த்தது. அக்கா அதைக் குசினிப் பக்கம் விடமாட்டார். இரண்டு வருடமாகக் கிளினிக்குக்கு வருகிறபோதெல்லாம், கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்பார். "அது கடிக்குமோ, தங்கச்சி?" என்று சொந்த நாயைப் பற்றி என்னிடம் கேட்பார். பார்த்தால் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

முதல்நாள் பின்னேரம் வேலித் தகரத்தில் மாட்டி, ஜிம்மியின் இடது முன்காலின் வெளி விரலில் நகம் அடியோடு கிழிந்து தொங்கியது. மார்கரெட் மூன்று கால்களையும் பார்த்து முடித்தார். மயக்க ஊசி போட்டார். பத்து நிமிடம் பொறுத்தோம். அண்ணை காரை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டேன் என்று வெளியே போனார். மார்கரெட் காலைத் திருப்பி, தொங்கிய நகத்தை முறிவுக்கு மேலே ஒரே வெட்டில் எடுத்தார். அழுத்தினார், உப்புத் தண்ணீரால் கழுவினார். அந்த நேரம் காரில் அடிபட்ட பூனை ஒன்றை யாரோ கொண்டுவந்தார்கள். "நீ கட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விரல்களுக்கு இடையில் பஞ்சு வைத்து, மயிரை ஒதுக்குகிறபோதுதான் கண்டேன். பாதத்துக்குச் சற்று மேலே மஞ்சள் நூல், மூன்று முடிச்சு. கத்தரிக்கோலை எடுத்தேன்.

"தங்கச்சி, அதை வெட்டிப் போடாதேங்கோ."

அக்கா கதவோரத்தில் இருந்து மேசைக்குக் கிட்ட வந்திருந்தார்.

"நான்தான் கட்டினனான். இவருக்குத் தெரியாது. நேற்று அந்த ரத்தத்தைப் பாத்து எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. விடிய எழும்பிக் கோயிலுக்குப் போய் ஐயரிட்டை நூல் ஓதித் தரச் சொல்லிக் கேட்டனான். நாய்க்கு எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. வீட்டில ஒரு பிள்ளைக்கு எண்டு சொன்னனான்."

கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன்.

"அதுவா அறுந்து விழுமட்டும் கழட்டக் கூடாதெண்டு ஐயர் சொன்னவர். பிள்ளைக்கெண்டுதானே அவர் சொன்னவர். அது நாய்க்கும் சரிதானே?"

எனக்கும் சின்ன வயதில் பயந்த காய்ச்சலுக்கு நூல் கட்டியிருக்கிறார்கள். அது கறுத்து, நைந்து, தானாக விழும்வரை அம்மா தொடவிடவில்லை. வெட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை, யாரும் வெட்டியதும் இல்லை. நூலுக்கு அடியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். போனது. இறுக்கமில்லை என்று எனக்கு நானே சொன்னேன். இரண்டு வருடம் கதவோரத்தில் நின்ற மனுசி முதல்முதலாக அந்த நாயைத் தொட்டுக் கட்டியிருக்கிறார், அதை எப்படி வெட்டுவது? பஞ்சைச் சுற்றினேன், அதன்மேல் கிரேப் துணி, அதன்மேல் ஒட்டுகிற நாடா. நடு விரல்கள் இரண்டின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி, முறைப்படிதான் கட்டினேன். நூல் உள்ளே போய்விட்டது.

அட்டையில் எழுதினேன்: நகம் அகற்றியது, கழுவியது, கட்டியது, திங்கட்கிழமை மாற்ற வர வேண்டும். நூலைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் மார்கரெட் வாசிப்பார், வாசித்தால் வெட்டச் சொல்வார். மறந்துபோய் விட்டது அல்ல, தெரிந்துதான் விட்டேன். இதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் எடுத்தது.

சனிக்கிழமை மழை பெய்தது. ஜிம்மி ஈரப் புல்லில் ஓடியிருக்கிறது, காலுக்குப் போட்ட பிளாஸ்ரிக் பை கழன்றுவிட்டது. கட்டு நனைந்தது, நூலும் நனைந்து இறுகியது. அடிபட்ட கால் எப்படியும் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். வீங்குவதற்கு இடம் வேண்டுமே.

திங்கள் காலை ராசமலர் அக்கா தனியாக வந்தார். அண்ணைக்கு வேலை, பக்கத்து வீட்டுக்காரி காரில் கொண்டுவந்து விட்டாள். ஜிம்மியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் கதிரையில் இருந்தார். கைப்பை தரையில் கிடந்தது.

"விரல் நுனியெல்லாம் விரிஞ்சு போய்க் கிடக்கு, தங்கச்சி. ராத்திரி முழுக்க முனகினது."

மார்கரெட் அன்று மற்ற மூன்று கால்களையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டை வெட்டினார். மணம் முதலில் வந்தது. பிறகு பஞ்சு. பிறகு வீங்கிய பாதத்துக்கு மேலே மயிருக்குள் ஒரு பள்ளம், சுற்றிவர. அதன் அடியில் நூல், தோலை அறுத்துக்கொண்டு இருந்தது. மெல்லிய இடுக்கியால் தூக்கி, வெட்டி எடுத்து, எஃகுத் தட்டில் வைத்தார். மஞ்சள் நிறம் இன்னும் இருந்தது. விரல்களைத் தொட்டுப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று விரலில் சூடு இருந்தது. நகம் போன வெளி விரல் குளிர்ந்து, கறுத்திருந்தது.

"இது — என்ன?" என்றார் மார்கரெட், நூலைக் காட்டி. இடைவெளி விடத் தொடங்கிவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. எங்கள் நேர்ஸ் யாரும் நூலுக்கு மேலே கட்டுவார்கள் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. "வீட்டில் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்களா என்று அவரிடம் கேள்."

அந்த அறையில் மார்கரெட்டுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இங்கிலிஷ் கொஞ்சம்தான். நடுவில் நான். கேட்டேன்.

அக்கா தட்டில் கிடந்த நூலைப் பார்த்தார். "இதாலேயோ, தங்கச்சி?"

"ஓம், அக்கா."

"நாங்கள் அவிழ்க்கேல்லையே. நீங்கள் கட்டினபடிதான் கிடந்தது." பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ. "இதுக்கு உங்கட வேலை போகுமோ?"

"தெரியாது, அக்கா."

அந்த வருடம் என் கணவரின் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள். என் ஒரு சம்பளம். அது அக்காவுக்கும் தெரியும். எங்கள் சனத்தில் எது தெரியாது?

"அப்ப நான்தான் அவிழ்த்துக் கட்டினது எண்டு சொல்லுங்கோ. என்னை ஏசினா ஏசட்டும். எனக்கென்ன."

மார்கரெட் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "என்ன சொல்கிறார்?"

"ஆம் என்கிறார்" என்றேன்.

அவர் அதை அட்டையில் எழுதினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, அக்காவுக்கு விளங்கும்படி மெதுவாக, சின்னச் சின்ன இங்கிலிஷ் வசனங்களில் சொன்னார். வீட்டில் கட்டை அவிழ்க்கக் கூடாது. காலைச் சுற்றி எதையும் கட்டக் கூடாது. இந்த நாய் ஒரு விரலை இழக்கப் போகிறது; காலையே இழந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ராசமலர் அக்கா தலையை ஆட்டினார். "சொறி டொக்டர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, ஜிம்மியின் தலையைப் பிடித்தபடி, இன்னொரு தரம் "சொறி டொக்டர்" என்று மன்னிப்புக் கேட்டார்.

முதலாவது சொறியைத் தாங்கினேன். இரண்டாவதைத் தாங்க முடியவில்லை.

"மார்கரெட், அவர் அவிழ்க்கவில்லை. நூல் வியாழக்கிழமையே இருந்தது. நான் கண்டேன். கண்டும் அதன்மேல் கட்டினேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இவருக்கு அது தெரியுமா?"

"தெரியும். எனக்காகத்தான் பொய் சொன்னார்."

"அப்படியானால் இந்த அறையில் தெரியாதவள் நான் மட்டும்தான்" என்றார். "நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கிறது."

தான் எழுதியதன் மேல் ஒரு கோடு கீறினார். அட்டையையும் பேனையையும் என்னிடம் தந்தார். நடந்ததை எழுதிப் பெயர் போட்டேன். எழுத்து கோணலாக வந்தது. அட்டையில் நான் எழுதிய அசிங்கமான எழுத்து அதுதான்.

மத்தியானம் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போகப் போகிறது என்று நினைத்துக் கைப்பையையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். அதைப் பார்த்து, "பையை வை" என்றார்.

"நூலை விட்டது பிழை. அதை எல்லோரும் ஒருநாள் செய்வோம். எழுதாமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை. ஆனால் இன்று காலை செய்தது வேறு. அந்த மனுசி சொல்வதில் நீ எதைச் சொல்கிறாயோ அதுதான் எனக்குக் கேட்கும். எனக்கு வேறு காது இல்லை."

நான் அழுதேன். அவர் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஆறிப்போன தேநீரை என் பக்கம் தள்ளிவைத்தார். அழுது முடிந்ததும், ஜிம்மிக்கு ஒன்றுவிட்ட ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், அதை வேறு யாரும் தொடக் கூடாது, நீதான் செய்ய வேண்டும் என்றார். தண்டனை அவ்வளவுதான். கட்டு மேசைக்கு மேலே இருக்கிற தாளின் முதல் வரியை அந்தக் கிழமையே தன் கையால் எழுதி ஒட்டினார். என் பெயரை எங்கும் போடவில்லை.

புதன்கிழமை விரலை எடுத்தார். நகத்துக்கு வந்த நாய் விரலைக் கொடுத்துவிட்டுப் போனது. கணேசன் அண்ணை இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எங்கட ஆள் இருக்கிறதெண்டுதானே அவ்வளவு தூரம் கொண்டுபோனனாங்கள் என்று அக்காவிடம் சொன்னாராம். 

ஜிம்மிக்குப் புண் ஆற ஐந்து கிழமை எடுத்தது. ஒவ்வொரு முறையும் கட்டை அவிழ்த்ததும் முதலில் மற்ற விரல்களைத் தொட்டுச் சூடு பார்ப்பேன். தோல் பள்ளம் மெல்ல மெல்ல மூடிச் சிவந்து, பிறகு மயிர் முளைத்தது. அக்காதான் கொண்டுவருவார். மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஜிம்மியின் தலையைத் தன் கையிடுக்கில் பிடித்துக்கொள்வார். கடைசிக் கட்டை எடுத்த அன்று ஜிம்மி தரையில் இறங்கி நடந்தது. காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக வைத்து நடந்தது, ஆனால் நொண்டவில்லை.

நான் திரும்பவும் மன்னிப்புக் கேட்டேன். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை.

அக்கா குனிந்து ஜிம்மியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் என்ர மனம் நோகக் கூடாதெண்டு நூலை விட்டனீங்கள். நான் உங்கட வேலை போகக் கூடாதெண்டு பொய் சொன்னனான்" என்றார். "நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லாத்தான் இருந்தனாங்கள், தங்கச்சி. விரல் போனது இவனுக்கு."